விளையாட்டுச் செங்கலும் கொலுப் பொம்மையும்

நம் தேசத்தில் ஒரு குழந்தை பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அதன் காதில் விழுகின்ற முதல் கட்டளை எதுவென்று பார்ப்போமானால், அது "தொடாதே" என்பதாகவே இருக்கும். அடுப்பைத் தொடாதே என்றால் அதற்கு நியாயமுண்டு, கை சுடும். அரிவாள்மனையைத் தொடாதே என்றால் அதற்கும் நியாயமுண்டு, விரல் அறும். ஆனால் பூஜைச் சாமானைத் தொடாதே, குளிக்காமல் சாமி படத்தைத் தொடாதே, தூரமாயிருக்கின்ற அம்மாவைத் தொடாதே, அந்தத் தெருப் பிள்ளையைத் தொடாதே என்று சொல்லப்படுகின்றதே, இவற்றில் எது சுடும், எது அறுக்கும் என்று கேட்கின்றோம். காரணம் சொல்லக்கூடிய "தொடாதே"யையும் காரணம் சொல்ல முடியாத "தொடாதே"யையும் ஒரே அதட்டலில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எதையுமே கையால் எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்கின்ற புத்தியைப் பிள்ளைக்கு உண்டாக்கிவிடுகின்றோம். பிறகு பத்து வருஷம் கழித்து, இவனுக்கு விஞ்ஞானம் வரவில்லையே, எல்லாவற்றையும் நெட்டுருப் போடுகின்றானே என்று நாமே அழுகின்றோம்.

இதற்கு உதாரணம் வேண்டுமானால், நவராத்திரி சமயத்தில் வீடுகளில் வைக்கப்படும் கொலுவைப் பார்க்கலாம். உலகத்தில் மற்ற இடங்களில் பொம்மை என்பது குழந்தைகளின் கைக்காக ஏற்பட்டது. நம்மிடத்திலோ பொம்மையை ஒன்பது படி கட்டி மேலே ஏற்றி, விளக்கு வைத்து, அதன் எதிரில் குழந்தையைக் கை கட்டி உட்கார வைத்துப் பாடச் சொல்லி, பொம்மையின்மேல் விரல் பட்டால் முதுகில் ஒன்று வைப்பது என்று ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். அந்தப் படிகளிலாவது எந்தப் பொம்மை எங்கே இருக்கலாம் என்று பிள்ளையால் மாற்றி வைக்க முடியுமா? சாமிகள் மேற்படி, மனிதர்கள் கீழ்ப்படி. அரிசியும் பருப்பும் பரப்பிக்கொண்டு கடை வைத்திருக்கின்ற செட்டியார் பொம்மை எத்தனை வருஷம் வியாபாரம் செய்தாலும் அதற்குக் கீழ்ப்படிதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கொலுவுக்குப் பக்கத்தில் தரையில் பிள்ளைகள் மண்ணைக் கொட்டி, கடுகு தூவி முளைக்க வைத்து, குளம் வெட்டி, பாலம் போட்டு, 'பார்க்' என்று ஒன்று கட்டுகின்றார்கள். அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் புத்தி வேலை செய்கின்ற இடம் அந்த நாலடித் தரை ஒன்றுதான். அதற்குப் பூஜையும் கிடையாது, சுண்டலும் கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், சென்ற கோடை விடுமுறையில் நீலகிரியில் நாம் பார்த்துவந்த ஒரு சிறு கண்காட்சியாகும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லைன் வீட்டுப் பிள்ளைகளுக்காக நம் தோழர்கள் சிலர் வாசகசாலை அறையில் விளையாட்டுச் செங்கல்களை மேஜைமேல் கொட்டி வைத்து, வருகின்ற பிள்ளைகள் தொட்டும் கட்டியும் பிரித்தும் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு குமிழை ஒரு குழியில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளுமே, கடைகளில் 'பிளாக்ஸ்' என்று விற்கின்றார்களே, அந்தக் கல்தான். அதில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்பவர்களுக்காக அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போவோம்.

டென்மார்க் தேசத்தில் பில்லுண்டு என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர், உலகமெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்ட 1932ஆம் வருஷத்தில், வீடு கட்டும் வேலை கிடைக்காமற்போகவே, மரத்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்து விற்க ஆரம்பித்தார். பிறகு 'நன்றாய் விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 'லெகோ' என்று தம் தொழிலுக்குப் பெயர் வைத்தார். 1949இல் பிளாஸ்டிக் கல் செய்யத் தொடங்கினார்கள். அதுவும் அவர்கள் மூளையில் திடீரென்று உதித்ததல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்னும் பெயரால் செய்து விற்ற கல்லைப் பார்த்து, அதைத் திருத்தியே செய்தார்கள். முதலில் வந்த கற்கள் சரியாகப் பிடிக்காமல் கட்டிடம் கழன்று விழுந்தது. 1958இல் தச்சருடைய மகன் காட்ஃபிரட் காலத்தில், கல்லின் உள்ளே வெற்றிடமாக இருந்த இடத்தில் குழல்களை வைத்தார்கள். மேலே வருகின்ற குமிழை ஒரு பக்கம் குழலும் மறு பக்கம் சுவரும் சேர்ந்து நெருக்குவதால், பசையில்லாமல், ஆணியில்லாமல், கல் பிடித்துக்கொள்ளுகின்றது, இழுத்தால் வந்துவிடுகின்றது. பிடிப்பும் வேண்டும், பிரிவும் வேண்டும் என்பதற்கு அளவு மிகத் துல்லியமாய் இருக்கவேண்டும். 1958இல் செய்த கல் இன்றைக்குச் செய்த கல்லோடு பொருந்துகின்றது என்றால் அது எந்தத் தெய்வ சங்கற்பமும் அல்ல. அச்சு செய்கின்ற தொழிலாளியின் கைச் சுத்தமேயாகும்.

அந்தப் பில்லுண்டு ஊரில் 2017ஆம் வருஷம் செப்டம்பர் 28ந் தேதி 'லெகோ இல்லம்' என்று ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 21 பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல அந்தக் கட்டிடமே இருக்கின்றது. உள்ளே நடுவில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கற்களால் ஆன, 15 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் நிற்கின்றது. அதைவிட விசேஷம் என்னவென்றால், அங்கே வருகின்றவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்காக வரவில்லை. மொத்தம் இரண்டரைக் கோடிக் கற்கள் அந்த வீட்டில் இருக்கின்றன. அவற்றில் குவியல் குவியலாய் எடுத்துக் கட்டுவதற்கென்றே வைத்திருக்கின்றார்கள். தொடுவதுதான் அங்கே பார்ப்பது. அது கம்பெனிக்காரன் தன் சரக்குக்குச் செய்கின்ற விளம்பரமும்தான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் நம் ஊர்களில் விளம்பரத்துக்குக் கோவில் கட்டுகின்றார்கள். அவன் பிள்ளைகள் கட்டிப் பார்க்கின்ற மேஜையைப் போட்டிருக்கின்றான். இரண்டில் எது தேவலை என்று வாசகர்களே சொல்லட்டும்.

இந்தக் கட்டைக்கு ஒரு பாட்டனும் உண்டு. ஜெர்மனியில் பிரடெரிக் ஃபுரோபெல் என்னும் ஆசிரியர், சின்னக் குழந்தைகளுக்கு மரக் கனசதுரங்களையும் உருளைகளையும் கையில் கொடுத்து, அடுக்கியும் பிரித்தும் கற்கச் செய்து, அந்தப் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று 1840இல் பெயரிட்டார். அவர் மகா பக்திமான். கட்டைகளின் ஒழுங்கில் கடவுளின் ஒழுங்கைக் குழந்தைகள் காணும் என்று நம்பியவர். அப்படியிருந்தும் 1851இல் பிரஷ்ய அரசாங்கம் அந்தப் பள்ளிகள் நாத்திகத்தைப் பரப்புகின்றன என்று சொல்லித் தடை செய்துவிட்டது. தடை 1860இல்தான் நீங்கியது. ஃபுரோபெல் 1852இலேயே செத்துப்போனார். அவருடைய அண்ணன் மகன் ஒருவரின் அபிப்பிராயங்களை இவருடையதென்று குழப்பிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகின்றது. அது எப்படியோ போகட்டும். பாவம், அந்த மந்திரிகளுக்கு ஒரு விஷயம் மட்டும் சரியாய்த் தெரிந்திருக்கின்றது. கட்டையைத் தானே அடுக்கி, அது ஏன் சரிந்தது என்று தானே கண்டுபிடிக்கின்ற பிள்ளை, நாளைக்கு வேறு விஷயங்களிலும் "ஏன்" என்று கேட்கும் என்பதுதான் அது. நம் நாட்டுப் பக்தர்களுக்கு இந்தப் புத்தி இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால் கடைகளில் பிளாக்ஸ் விற்கவிட மாட்டார்கள்.

நிற்க, அந்தக் கல்லைப்பற்றிய கணக்கு ஒன்று நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கல் இரண்டை எடுத்துக்கொண்டால் அவற்றை 24 விதமாய் இணைக்கலாம். மூன்று கற்களென்றால் 1,060 விதம். ஆறு கற்களென்றால் எத்தனை? கம்பெனியார் பல வருஷங்களாக 10,29,81,500 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் சோரன் ஐலர்ஸ் என்னும் கணித ஆசிரியர், இந்தக் கணக்கு ஆறு கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஆறு அடுக்கு உயரம் நிற்பதை மட்டும் எண்ணியது, பக்கவாட்டில் பரவுவதை விட்டுவிட்டது என்று கண்டு, கணிப்பொறியை வைத்து எண்ணி, 91,51,03,765 என்று திருத்தினார். கம்பெனியார் என்ன செய்தார்கள்? ஆதிகாலத்துப் பெரியவர்கள் சொன்ன எண்ணை மாற்றலாமா என்று சண்டைக்கு வரவில்லை. புதிய எண்ணை ஏற்றுக்கொண்டு அதையே இப்போது சொல்லுகின்றார்கள். ஆறே ஆறு கற்களை 91 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்கின்றபோது, கோடிக்கணக்கான மனிதர்களை நாலே நாலு படியாய் ஒரே ஒரு விதத்தில்தான் அடுக்க முடியும், அதையும் பிரிக்கக் கூடாது என்று சொன்னவர்களுடைய கணக்கு எவ்வளவு தரித்திரமானது என்பதை யோசித்துப் பாருங்கள். அதுவும் அந்த அடுக்கில் மேல் கல்லைத் தாங்குவது கீழ்க் கல்தான். மேலே இருக்கின்ற கல்லுக்கு அது தெரியாது என்றால் கல்லாயிற்றே என்று விட்டுவிடலாம்.

இனி, நாம் போய்ப் பார்த்த அறைக்கு வருவோம். மூன்று மேஜைகள். முதல் மேஜையில், கோவையிலும் பெங்களூரிலும் உள்ள தோழர்கள் வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பரணில் கிடந்த பிளாஸ்டிக் கற்கள். பல கம்பெனிச் சரக்குகள் கலந்திருந்தபடியால் சில ஒன்றோடொன்று பிடித்தன, சில நழுவின. எது எதோடு பிடிக்கும் என்று பிரித்துக் குவிக்கின்ற வேலையையே பிள்ளைகள் அரை மணி நேரம் ஒரு விளையாட்டாய்ச் செய்தார்கள். இரண்டாவது மேஜையில், தேயிலைக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை அறுக்கும்போது விழுகின்ற துண்டுகளைத் தச்சரிடம் கேட்டு வாங்கி, இழைத்து, ஒரே அளவாய் வெட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது மேஜையில் தீக்குச்சிகளும், சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னதாய் நறுக்கிய துண்டுகளும். இரண்டு குச்சியை ஒரு டியூபில் இரண்டு பக்கமும் செருகினால் மூட்டு ஆகின்றது. அதன் நடுவில் மூன்றாவதைச் செருகினால் மூன்று வழி மூட்டு. முக்கோணம், சதுரம், வீடு, கோபுரம் எல்லாம் கட்டலாம். இதைக் கண்டுபிடித்துப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து மோட்டார் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர், 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் வேலைக்குப் போய், அங்கே சந்தையில் கிடைத்த சாமானைக் கொண்டே இதைச் செய்தார். பிற்பாடு புனாவில் வான்பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் குழந்தைகள் விஞ்ஞான மையத்தில் பல வருஷம் இருந்து, குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுக் கருவிகள் செய்து காட்டினார்.

அறை வாசலில் "தொடுங்கள், பிரியுங்கள்" என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள். ஆனால் முதலில் வந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றால், சுவரோரம் வரிசையாய் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாமலா? நன்றாய்ப் படித்தார்கள். படித்ததை நம்பவில்லை. கடைசியில் ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண், மேஜை பக்கத்திலிருந்த தோழரிடம் வந்து, "அண்ணே, தொட்டா திட்டமாட்டீங்களே?" என்று கேட்டாள். "திட்டமாட்டேம்மா, எடு" என்றார். "ஒடஞ்சா?" என்றாள். "ஒடஞ்சா எப்படி ஒடஞ்சதுன்னு சொல்லு" என்றார். அதன்பிறகு கால்மணி நேரத்துக்குள் அறையில் காது கொடுக்க முடியவில்லை.

ஒரு பையன் மலை ரயில் கட்ட ஆரம்பித்தான். இந்த மலையில் அதைப் 'பொம்மை ரயில்' என்று சொல்லுகின்றார்கள். 46 கிலோமீட்டர் தூரம், 16 குகைகள், 208 வளைவுகளுள்ள ஒரு வேலைக்குப் பொம்மை என்று பெயர் வைத்தவனை என்னவென்று சொல்லுவது! பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் சக்கரம் வைத்த கல்லை ஏற்றினான். அது வழுக்கிக் கீழே வந்தது. சாய்வைக் குறைத்தான்; அப்போதும் வந்தது. முன்னே கேள்வி கேட்ட அந்தப் பெண், குன்னூர் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப் பல்லாய் இருக்குமே, அதை வைக்கணும் என்றாள். உண்மைதான். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறுகின்ற ஏற்றத்தில், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் இருப்பதற்காக, நடுவில் பல்வரிசை போட்டு, இஞ்சினுக்கு அடியிலிருக்கின்ற பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும்படி 1899இல் அந்தப் பாதையைப் போட்டார்கள். இந்தப் பெண் குமிழ்கள் மேலே இருக்கும்படி கற்களை வரிசையாய்ப் பலகையில் பதித்து அதையே பல்வரிசையாக்கினாள். சக்கரத்துக்குப் பல் இல்லாததால் வண்டி முழுதும் ஏறவில்லை. ஆனால் வைத்த இடத்தில் நின்றது. நீலகிரி ரயிலைப்பற்றிப் பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் படித்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்க முடியாத அறிவு அது.

மற்றொரு பையன் கோபுரம் வைத்து ஒரு கோவில் கட்டினான். நம் தோழர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இங்கேயுமா? தம்பி, வேற ஏதாச்சும் கட்டேன்" என்று சொல்லப் போனார். நாம் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினோம். தொடாதே என்று சொல்லுகின்றவர்கள் ஊரில் போதுமான அளவு இருக்கின்றார்கள். கட்டாதே என்று சொல்ல நாமும் கிளம்பவேண்டாம். கொஞ்ச நேரம் பொறுத்து அந்தப் பையனே தன் தம்பிக்காக பஸ் ஒன்று கட்டப் புகுந்தான். நீளக் கல் போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். கோபுரத்தைப் பிரித்து, அந்தக் கல்லையெல்லாம் பஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டான். அவன் கண் அவிந்துபோகவுமில்லை, கை முடங்கிப்போகவுமில்லை. பஸ் நன்றாய் வந்தது. இதைவிட நாம் இரண்டு மணி நேரம் மேடையில் பேசி என்ன சொல்லிவிடப்போகின்றோம் என்று தோழர் சிரித்தார்.

நம் நாட்டில் கையால் செய்கின்ற வேலைக்கு மரியாதை இல்லாமற்போனதற்கு இந்த மலையிலேயே ஒரு சான்று இருக்கின்றது. கோத்தர் என்னும் மக்கள் இங்கே ஏழு ஊர்களில் வாழ்ந்து வருகின்றார்கள். கோத்தகிரி என்னும் பெயரிலும் அவர்கள் பெயரே இருக்கின்றது. இரும்பு அடிப்பது அவர்கள். மரம் செதுக்குவது அவர்கள். பானை வனைவது அவர்கள் வீட்டுப் பெண்கள். கொட்டு முழக்குவதும் அவர்கள். மலையில் மற்றவர்கள் கையிலிருந்த கொத்தும் அரிவாளும் சட்டியும் இவர்கள் செய்து கொடுத்தவை. அப்படியிருந்தும் அக்கம்பக்கத்தார் வெகுகாலம் இவர்களைத் தாழ்வாகவே வைத்திருந்தார்கள். செய்தவன் தாழ்ந்தவன், செய்ததை வாங்கி உபயோகிப்பவன் உயர்ந்தவன் என்றால், இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்? சமவெளியிலும் தச்சன், குயவன், சக்கிலி, கொத்தன் என்று எல்லார் விஷயத்திலும் இதே கதைதான். இதற்குச் சமாதானமாக வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை என்று உளிக்கும் சுத்திக்கும் சந்தனம் பூசுகின்றார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் அன்றைக்கு இயந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைக்கின்றார்கள். இயந்திரத்துக்கு வேண்டியது எண்ணெய். சந்தனம் உளிக்குப் பூசப்படுகின்றதே ஒழிய, உளி பிடித்த கைக்கு ஒரு நாற்காலியாவது போடப்பட்டதா?

கையால் தொட்டுப் பிரித்துப் பார்த்து அறிவு பெற்றவர் நம்மவரில் இல்லாமலில்லை. கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வகுப்போடு நின்றவர். ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் பரிமாறுகின்ற வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கி, என்ன செய்தார்? பக்கவாட்டில் மஞ்சள் குங்குமம் வைக்கவில்லை; மரை மரையாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அதிலிருந்து பஸ் கம்பெனியும் மோட்டாரும் பிறந்தன. அவர் சேர்த்த கருவிகளைக் கோவை அவினாசி சாலையிலுள்ள காட்சிசாலையில் இன்றும் பார்க்கலாம். ஆனால் நம் மக்கள் அவரை என்னவென்று சொன்னார்கள் தெரியுமா? 'அதிசய மனிதர்' என்றார்கள். கழற்றி மாட்டுவதற்கு விடப்பட்ட பிள்ளை வேறொருவரும் இல்லாததால் அவர் அதிசயமாய்ப் போனார்!

அன்று மாலை, நாற்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, "ஐயா, எல்லாம் சரி, இது எங்களுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார். இலங்கையிலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964ஆம் வருஷத்து சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டு, அவர்களுக்காகவே 1968இல் இம்மலையில் அரசாங்கம் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்தில் வந்து சேர்ந்த குடும்பத்தார் அவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. போடாது என்றே சொன்னோம். இந்தக் கல் கூலியை உயர்த்தாது. ஒழுகுகின்ற லைன் வீட்டுக் கூரையை அடைக்காது. அதற்கெல்லாம் சங்கமும் போராட்டமும்தான் வழி. ஆனால் மூன்று தலைமுறையாய் இந்தக் குடும்பங்களில் பிள்ளைக்குக் கிடைத்த கருவி கொழுந்துக் கூடை ஒன்றுதான். பணக்கார வீட்டுப் பிள்ளை நாலு வயதில் ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு பாலமும் கிரேனும் கட்டுகின்றது. அந்தப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் பதினெட்டாவது வயதில் ஒரே இஞ்சினியரிங் காலேஜ் வாசலில் போய் நிற்கும்போது, "பார், தகுதியும் திறமையும் இவர்கள் ரத்தத்தில் இல்லை" என்று சொல்லப்போகின்றவன் ஒருவன் அங்கே காத்துக்கொண்டிருக்கின்றான். ரத்தத்தில் இல்லாதது எது, கையில் கொடுக்காதது எது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டான். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

பேத்தி என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு வண்டி, பெண் பிள்ளைக்குச் சொப்பு என்று வழக்கம். சமைத்துப் பழகட்டுமாம். 1974இல் லெகோ கம்பெனியார் பெட்டியில் வைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தில், கட்ட வேண்டும் என்கின்ற ஆசை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, அவரவர் விரும்பியதைக் கட்டவிடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லியிருந்தார்கள். அதே கம்பெனியார் 2012இல் பெண்களுக்கென்று தனியாய் ரோஜா நிறப் பெட்டி கொண்டுவந்து பலரிடம் கண்டனம் வாங்கிக்கொண்டார்கள். லாபம் என்று வரும்போது டென்மார்க்காரனுக்கும் புத்தி மழுங்கத்தான் செய்கின்றது. நாம் பார்த்த அறையில் பல்வரிசை வைத்தது ஒரு பெண் என்பதை மறுபடியும் நினைவூட்டுகின்றோம்.

பிளாஸ்டிக் ஆயிற்றே, நீலகிரியில் தடை உண்டே என்று ஒரு ஆசிரியர் ஆட்சேபித்தார். தடை இருப்பது ஒருமுறை உபயோகித்து எறிகின்ற பைக்கும் பாட்டிலுக்கும். அறுபது வருஷம் கைமாறுகின்ற கல்லை எறிகின்ற சாமானோடு சேர்ப்பது சரியல்ல. வேண்டாமென்றால் சில்வர் ஓக் கட்டை இருக்கின்றது, தீக்குச்சி இருக்கின்றது. விலை அதிகம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தக் கல்லின் பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. அதன் உருவமே எங்கள் முத்திரை, வேறு யாரும் செய்யக்கூடாது என்று கம்பெனியார் வழக்காடியபோது, 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை ஒப்பவில்லை. ஆகையால் திருப்பூரிலோ கோவையிலோ அச்சு வைத்திருக்கின்றவர் யாரும் செய்யலாம்.

அரசாங்கமும் இந்த வழியே அறியாததல்ல. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தில் கொடைக்கானலில் இருந்துகொண்டு, குழந்தை கையால் கற்கும் முறையை நம் ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஆனால் பல இடங்களில் சாமான்களைப் பீரோவில் பூட்டி, பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள், ஆடிட்டில் கேட்பார்கள் என்று வைத்திருக்கின்றார்கள். பீரோவும் ஒரு கொலுதான், கண்ணாடிக் கதவு போட்ட கொலு. உடைந்த சாமானை உடைந்ததென்று எழுதிக்கொள்ள ஒரு கணக்குத் தலைப்பைச் சர்க்கார் ஏற்படுத்தினால் அந்தப் பூட்டில் பாதி திறந்துவிடும்.

தோட்டங்களிலோ, ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்கின்ற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்கவேண்டும் என்று 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. காப்பகம் என்றால் பாலும் தொட்டிலும் ஆயாவும் மட்டும்தானா? ஒரு பெட்டி கட்டைக்கு என்ன செலவாகிவிடும்? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டு, ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஒரே இரவில் கரியாக்குகின்ற பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொழிற்சங்கத் தோழர்கள் கேட்டு வாங்கினாலே, பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மேஜை போட்டுவிடலாம். நிர்வாகத்தாரிடம் மற்றப் பாதியைக் கேட்கவேண்டும். தரமாட்டேன் என்றால் ஏன் என்று எழுத்தில் கேட்கவேண்டும்.

அந்த மூன்று மேஜைகளும் இப்போது வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகலில் திறந்திருக்கின்றன. வீட்டுப் பரணில் பழைய கற்கள் வைத்திருக்கும் வாசகர்கள் மலைக்குப் போகின்ற தோழர்கள் வசம் கொடுத்தனுப்பலாம். எந்தக் கம்பெனிச் சரக்கானாலும், எந்த நிறமானாலும் சரியே. சக்கரம் உள்ளவைதான் மிகவும் குறைவாயிருக்கின்றன.